சிட்னியில் கல்யாணம், ஊட்டியில் கல்லறை

வாசகர் கேள்வி பதில்

ஊட்டி செயின்ட் ஸ்டீபன் ஆலயத்துக் கல்லறைத் தோட்டம் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வந்ததும், பழைய கோயில் ஏடுகளில் முன்னோரைத் தேடுவது எப்படி என்று நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பலவற்றில் ஆஸ்திரேலியா தலைகாட்டுகிறது. பிள்ளைகள் அங்கே குடியேறி, சம்பந்தமும் அங்கேயே அமையும் காலம் இது. குடும்ப விவரம் கலந்திருப்பதால் கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

குன்னூர் வாசகி: மகள் மெல்போர்னில் இருக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். அவர் முன்னோர் ஒருவருக்கு 1830களில் சிட்னியில் கல்யாணம் நடந்ததாம். பேரனுக்குப் பள்ளியில் வம்ச வரைபடம் கேட்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் பதிவுத்துறை இணையதளத்தில் தேடினால், ஒரே ஜோடிக்கு மூன்று எண்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் 'வி' என்று ஓர் ஆங்கில எழுத்து. மூன்று தடவையா தாலி கட்டினார்கள்?

ஒரு தடவைதான் கட்டிக்கொண்டார்கள். எழுதியதுதான் மூன்று தடவை.

நியூ சவுத் வேல்ஸில் அரசாங்கமே பிறப்பு, இறப்பு, திருமணத்தைப் பதியத் தொடங்கியது 1856 மார்ச் 1 முதல். அதற்கு முந்தையதெல்லாம் அந்தந்தக் கோயில் குருவானவர் தம் ஏட்டில் எழுதி வைத்தது. 1825இல் வந்த ஒரு சட்டம், அந்த ஏடுகளுக்கு நகல் எடுத்துச் சிட்னிக்கு அனுப்பச் சொன்னது. பிற்பாடு அரசுப் பதிவாளர் கைக்கு இந்த நகல்களும் வந்தன, சபைகள் தனியாகக் கொடுத்த பிரதிகளும் வந்தன. ஒரே கல்யாணத்தின் பிரதிகள் வெவ்வேறு தொகுதிகளில் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் விழும். 'வி' என்பது தொகுதியைக் குறிக்கும் 'வால்யூம்' என்ற சொல்லின் முதலெழுத்து. அது இருந்தால் கோயில் பதிவு என்று அர்த்தம்.

மூன்றையும் வாங்கிப் பாருங்கள். நகல் எடுத்தவர்கள் செய்த பிழை மூன்றிலும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் விட்டுப்போன சாட்சியின் பெயர் இன்னொன்றில் இருக்கும். முழுச் சான்றிதழுக்குப் பணம் கட்ட அவசரம் வேண்டாம். பதிவுத்துறையின் அங்கீகாரம் பெற்று, பதிவில் உள்ளதைத் தட்டச்சு செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். செலவு குறைவு, தகவல் அதேதான். அதற்குப் பிறகு கோயிலின் மூல ஏட்டைப் பாருங்கள். 1932 முதல் சிட்னியில் இயங்கும் ஆஸ்திரேலிய வம்சாவளிச் சங்கத்தில் பல கோயில் ஏடுகளின் நுண்படச் சுருள்கள் உண்டு.

இன்னொரு குழியும் இருக்கிறது. 1856க்கு முந்தைய வரிகளில் 'பிறப்பு' என்று அந்த இணையதளம் காட்டுவது பெரும்பாலும் ஞானஸ்நானம், 'இறப்பு' என்பது அடக்கம். உள்நாட்டில் குருவானவர் எப்போதாவது குதிரையில் வந்து போவார். வந்த அன்றைக்கே ஒரு வீட்டின் மூன்று பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போவார். ஒரே தேதி என்று பார்த்துவிட்டு, ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தை என்று பேரனின் வரைபடத்தில் எழுதிவிடாதீர்கள்.

மாப்பிள்ளை மெல்போர்ன்காரர் என்பதால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மெல்போர்ன் இருக்கும் பகுதி 1851 ஜூலை 1 வரை நியூ சவுத் வேல்ஸின் ஒரு மாவட்டம். எனவே 1840களில் மெல்போர்னில் நடந்த கல்யாணம் சிட்னிப் பட்டியலிலும் இருக்கலாம், விக்டோரியாப் பட்டியலிலும் இருக்கலாம். விக்டோரியாவில் அரசுப் பதிவு 1853 ஜூலையில் தொடங்கியது. டாஸ்மேனியாவில் 1838 டிசம்பரிலேயே வந்துவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1841, தெற்கு ஆஸ்திரேலியாவில் 1842. குயின்ஸ்லாந்து 1859 டிசம்பரில்தான் தனியாகப் பிரிந்தது. அதுவரை அதன் கணக்கும் சிட்னியோடு சேர்ந்ததே. எந்த ஊர், எந்த வருஷம் என்பது தெரிந்தால்தான் தேட வேண்டியது கோயில் ஏடா, அரசு ஏடா என்பது தெரியும்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறோம். 1830களிலிருந்து தேடத் தொடங்காதீர்கள். மாப்பிள்ளையின் தாத்தாவிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். மேலே எங்கோ தெரிந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் வேறொருவர் வீட்டுக் கிணற்றில்தான் விழுவீர்கள். அண்மைக்கால வரிகள் இணையத்தில் கிடைக்காது. நியூ சவுத் வேல்ஸில் பிறப்புக்கு 100, திருமணத்துக்கு 50, இறப்புக்கு 30 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். விக்டோரியாவில் திருமணத்துக்கு 60. இடைப்பட்ட காலத்துக்குச் சம்பந்தி வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதங்கள்தான் துணை.

கோத்தகிரி வாசகர்: என் மருமகளுக்காக 1841ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு ஒன்றை வரவழைத்தேன். மணமக்களின் தகப்பன் பெயர்கூட இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அந்தக் காலத்து ஏட்டில் தகப்பன் பெயருக்கு இடமே கிடையாது. அச்சிட்ட படிவத்தில் குருவானவர் கோடிட்ட இடங்களை நிரப்புவார். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: 'இந்தப் பங்கைச் சேர்ந்த இன்னார், பிரம்மச்சாரி, இந்தப் பங்கைச் சேர்ந்த இன்னாள், கன்னி, ஓலை வாசித்து இந்த ஆலயத்தில் இன்ன தேதியில் மணம் முடிக்கப்பட்டனர்.' (பங்கு என்பது ஒரு கோயிலின் எல்லைக்குட்பட்ட பகுதி, ஓலை வாசிப்பது என்பது கல்யாணத்தை முன்கூட்டியே கோயிலில் அறிவிப்பது.) கீழே மணமக்களின் கையெழுத்து அல்லது கைநாட்டு, இரண்டு சாட்சிகள், நடத்திவைத்த குருவானவர் பெயர். அவ்வளவுதான்.

ஆனால் படிக்கத் தெரிந்தால் இந்த நாலைந்து வரியே நிறையப் பேசும். 'இந்தப் பங்கைச் சேர்ந்த' என்பதற்கு அப்போது அங்கே குடியிருந்தார் என்றுதான் அர்த்தம். பிறந்த ஊர் என்று எடுத்துக்கொண்டால் தவறு. 'கன்னி' என்ற இடத்தில் 'விதவை' என்று இருந்தால், பக்கத்தில் உள்ள பெயர் பெரும்பாலும் முதல் கணவன் வீட்டுப் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவள் பிறந்த வீட்டைத் தேடினால் வருஷக்கணக்கில் தேடலாம். 'ஓலை வாசித்து' என்பதற்குப் பதிலாக 'அனுமதி பெற்று' என்றிருந்தால் தனியே விண்ணப்பம் இருந்திருக்கும். அதையும் தேட வேண்டும்.

கைநாட்டைக் கவனியுங்கள். எழுத்தறியாதவர் ஒரு பெருக்கல் குறி போடுவார், பக்கத்தில் எழுத்தர் பெயரை எழுதுவார். பெயரின் எழுத்துக்கூட்டல் எழுத்தர் காதில் விழுந்தபடிதான் இருக்கும். ரேஷன் கார்டில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம் என்று இன்று நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டால் புரியும். அயர்லாந்துக்காரர் சொன்னதை இங்கிலாந்து எழுத்தர் எழுதினால் முதலெழுத்தே மாறிவிடும். தேடும்போது பெயரின் நடு எழுத்துகளை மட்டும் கொடுத்து, மற்ற இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுப் பாருங்கள். பழைய ஆங்கிலக் கையெழுத்தில் இரட்டை 'எஸ்' வந்தால் முதல் 'எஸ்' நீண்டு 'எஃப்' போலத் தெரியும், அதையும் நினைவில் வையுங்கள். 'ஜே, என், ஓ' என்ற சுருக்கத்தை ஜொனாதன் என்று படித்து வம்சத்தையே மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அது ஜான்.

சாட்சிகளிடம் வருவோம். உங்கள் பதிவு இருக்கும் பக்கத்துக்கு முன்னும் பின்னும் நாலைந்து பக்கம் புரட்டுங்கள். எல்லாக் கல்யாணத்துக்கும் அதே ஆள் சாட்சி என்றால் அவர் கோயில்பிள்ளையோ எழுத்தரோதான், உறவினர் அல்ல. உங்கள் பதிவில் மட்டும் வருகிற பெயர்தான் தங்கம். மணமகளின் அக்காள் கணவனாக இருக்கலாம், ஒரே கப்பலில் வந்த ஊர்க்காரனாக இருக்கலாம். அவன் வம்சத்தைத் துருவினால் உங்கள் ஆள் எந்த ஊர் என்பது அங்கே கிடைக்கும்.

பெற்றோர் பெயர் வேண்டுமானால், அந்தத் தம்பதியர் 1856 மார்ச்சுக்குப் பிறகு இறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்குப் பிந்தைய இறப்புச் சான்றிதழ் ஒரு பொக்கிஷம்: பெற்றோர் பெயர், பிறந்த ஊர், காலனியில் எத்தனை வருஷம் இருந்தார், யாரை எந்த ஊரில் மணந்தார், பிள்ளைகள் பெயரும் வயதும். காலனியில் இருந்த வருஷத்தை இறந்த வருஷத்திலிருந்து கழித்தால் கப்பல் வந்த ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். சொன்னவர் யார் என்ற கட்டத்தை முதலில் படித்துவிட்டு மற்றதை நம்புங்கள். மகன் சொன்னால் ஒரு மதிப்பு, மருமகன் சொன்னால் அதில் பாதி, ஆஸ்பத்திரிக்காரர் சொன்னால் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். அவர்கள் அதற்கு முன்பே இறந்திருந்தாலும், கூடப்பிறந்தவர்களில் ஒருவராவது 1856க்குப் பிறகு மணந்தோ இறந்தோ இருப்பார்கள். அவருடைய பெற்றோர்தானே இவருக்கும் பெற்றோர்.

ஊட்டி வாசகர்: மகன் மணந்திருக்கும் பெண்ணின் வம்சப் பட்டியலில் பெயர்களுக்குப் பக்கத்தில் 'எஃப்.எஸ்.', 'டி.எல்.', 'பி.சி.' என்றெல்லாம் இருக்கிறது. ஏதாவது பட்டமா?

பட்டம் என்றும் சொல்லலாம், வேறு விதத்தில். 'எஃப்.எஸ்.' என்றால் தண்டனைக் காலம் முடித்து விடுதலையானவர். 'டி.எல்.' என்றால் தண்டனைக் காலத்திலேயே தானாக வேலை தேடிப் பிழைக்க அனுமதிச் சீட்டுப் பெற்ற கைதி. 'சி.பி.' நிபந்தனையோடு மன்னிப்பு, 'ஏ.பி.' முழு மன்னிப்பு. 'பி.சி.' காலனியிலேயே பிறந்தவர், 'சி.எஃப்.' தானாக வந்து குடியேறியவர். சம்பந்தி வீட்டில் யாரும் சங்கடப்பட மாட்டார்கள். கைதி வம்சம் என்பதை அங்கே பலரும் இன்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். முதல் கைதிக் கப்பல்கள் 1788 ஜனவரியில் வந்தன. பிப்ரவரி 10ஆம் தேதியே குருவானவர் ரிச்சர்ட் ஜான்சன் அங்கே முதல் கல்யாணங்களை நடத்திவைத்தார்.

கைதி வம்சம் என்பதில் தேடுபவருக்கு ஒரு லாபமும் இருக்கிறது. தானாக வந்த ஏழையைப் பற்றி எழுதிவைக்க யாருக்கும் அக்கறை இல்லை, கைதியைப் பற்றி அரசாங்கம் எழுதிக் குவித்தது. கைதி கல்யாணம் செய்ய ஆளுநரின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பங்களின் பதிவேடு நியூ சவுத் வேல்ஸுக்கு 1826 முதல் 1851 வரையும், டாஸ்மேனியாவுக்கு 1829 முதல் 1857 வரையும் இருக்கிறது. மணமக்களின் வயது, வந்த கப்பல், தண்டனை நிலை ஆகியவற்றை இவற்றில் எதிர்பார்க்கலாம். ஒரே பெயரில் நாலு கைதிகள் இருப்பது சர்வசாதாரணம். கப்பல் பெயரும் வந்த வருஷமும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும். பெயருக்குப் பக்கத்தில் கப்பலை எழுதாத எந்தக் குறிப்பையும் பாதி வெந்த சோறாகவே நினையுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்ட விண்ணப்பத்தையும் விடாதீர்கள். கப்பல் பட்டியலில் 'மணமானவர்' என்று இருந்தால், ஊரில் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லி மறுப்பார்கள். அந்த ஜோடி கல்யாணம் இல்லாமலே சேர்ந்து வாழ்ந்து பிள்ளை பெற்றிருக்கும். நீங்கள் பத்து வருஷம் தேடினாலும் திருமணப் பதிவு கிடைக்காது, நடந்திருந்தால்தானே கிடைக்கும்!

மதத்தை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். அரசு அனுமதியோடு நிலையாக ஊழியம் செய்யக் கத்தோலிக்கக் குருக்கள் சிட்னிக்கு வந்தது 1820இல். அதற்கு முன் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களும் பெரும்பாலும் ஆங்கிலிக்கன் குருவானவர் முன்னால்தான் நின்றார்கள். அது மதமாற்றம் அல்ல, வேறு வழியில்லை.

அருவங்காடு வாசகி: அடக்க ஏட்டில் வயது 45 என்கிறது, ஞானஸ்நானத்தின்படி 38தான் வரும். ஆள் வேறா?

அதே ஆளாகவே இருக்கலாம். வயதைச் சொன்னவர் இறந்தவர் அல்லவே. ஐந்திலும் பத்திலும் முடியும் வயதுகள் அடக்க ஏட்டில் அளவுக்கு மீறி இருக்கும், குத்துமதிப்பு என்பதற்கு அதுவே சாட்சி. ஏழெட்டு வருஷ வித்தியாசத்துக்காக ஆளைத் தள்ளாதீர்கள். குடியிருந்த இடம், கப்பல், தொழில் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏட்டில் இருப்பது அடக்கத் தேதி. இறந்தது அதற்கு ஓரிரு நாள் முன்பு. செய்தித்தாள்களின் மரண அறிவிப்பில் சரியான நாள் கிடைக்கும். ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் 1803ஆம் ஆண்டுச் சிட்னி கெஜட்டிலிருந்து இலவசமாகப் படிக்கலாம்.

சிட்னியில் கல்லறையைத் தேடுவதானால் ஒரு எச்சரிக்கை. டெவன்ஷயர் தெருக் கல்லறைத் தோட்டத்தின் மேல்தான் இன்றைய மத்திய ரயில் நிலையம் நிற்கிறது. 1901இல் அங்கிருந்த எலும்புகளையும் கற்களையும் வேறிடங்களுக்கு மாற்றினார்கள். ஏடு சொல்லும் இடத்தில் போய் நின்றால் பிளாட்பாரம்தான் இருக்கும்.

குன்னூர் வாசகர்: நாங்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். கொள்ளுத்தாத்தாவுக்கு மூத்தவர் ஒருவர், அச்சுக்கோர்க்கும் வேலைக்காக மெட்ராசிலிருந்து சிட்னி போனதாகச் செவிவழிச் செய்தி. வெறும் கதையா?

கதையாக இருக்க வேண்டியதில்லை. 1850களின் முற்பகுதியில் மெட்ராசிலிருந்து ஆங்கிலோ இந்திய இளைஞர்கள் சிட்னிக்குக் கப்பலேறினார்கள். ஹென்றி பார்க்ஸ் நடத்திய 'எம்பயர்' நாளிதழின் அச்சகத்துக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு.

உங்கள் தேடலின் பலன் ஒரு தேதியைப் பொறுத்தது. அவர் 1856 பிப்ரவரிக்குள் மணந்திருந்தால் கோயில் ஏடு, அதில் பெற்றோர் இல்லை. மார்ச்சுக்குப் பிறகு என்றால் அரசுப் பதிவு, பெற்றோர் பெயரும் பிறந்த இடமும் கேட்டு எழுதியிருப்பார்கள். பிறந்த இடம் 'ஈஸ்ட் இண்டீஸ்' என்று இருந்தால் இந்தோனேசியாவில் தேடப் போய்விடாதீர்கள். அன்றைய எழுத்தருக்கு இந்தியாவும் அதற்குள் அடக்கம்.

இந்தியப் பக்கத்துக்கு வந்தால், மெட்ராஸ் ராஜதானி ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகளின் நகல்கள் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. 1698 முதலான அந்தத் தொகுதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என் 2' என்ற வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான 'ஃபிபிஸ்' சங்கத்தின் தளத்தில் முதலில் இலவசமாகப் பெயர் தேடுங்கள், பிறகு படத்துக்குப் பணம் கட்டுங்கள். இரண்டு கரையிலும் ஒரே தகப்பன் பெயர் வந்தால்தான் பாலம் கட்டியதாக அர்த்தம். பெயரும் வயதும் மட்டும் பொருந்துவது போதாது.

பந்தலூர் வாசகர், ஆலயக் குழு உறுப்பினர்: விக்டோரியா மாநிலத்திலிருந்து ஒரு குடும்பம் கடிதம் எழுதியிருக்கிறது. 1881 வாக்கில் தேவாலா தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்து இறந்தவரின் கல்லறை வேண்டுமாம். எங்கள் ஏடு அவ்வளவு பழையது அல்ல. என்ன பதில் எழுதுவது?

நல்ல கேள்வி, நம் மலைக்கே உரிய கேள்வி. விக்டோரியாவில் சுரங்கத் துறையின் செயலாளராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித் 1879இல் வயநாட்டுத் தங்கத்தை ஆராய அழைக்கப்பட்டார். அதையொட்டித் தேவாலாவிலும் பந்தலூரிலும் கம்பெனிகள் முளைத்து, சில ஆண்டுகளிலேயே கவிழ்ந்தன. மழைக்காட்டுக் காய்ச்சலில் பலர் போனார்கள்.

இறந்தது இந்தியாவில் என்பதால் விக்டோரியாவின் இறப்புப் பதிவில் தேடிப் பயனில்லை என்று முதலில் எழுதுங்கள். அவர்கள் பார்க்க வேண்டியது இரண்டு. ட்ரோவில் 'தேவாலா', 'வயநாடு', 'நீலகிரி' என்ற ஊர்ப்பெயர்களை அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டல் பலவற்றிலும் போட்டு மரண அறிவிப்பைத் தேடுவது ஒன்று. விக்டோரியா அரசு ஆவணக் காப்பகத்தில் 1841 முதல் உள்ள உயில், சொத்துரிமை ஆவணங்கள் மற்றொன்று. அங்கே சொத்து விட்டுப் போயிருந்தால் இறந்த நாளும் இடமும் அதில் வரும்.

இந்தப் பக்கத்தில், ஏடு இருக்கக்கூடிய இடங்களை வரிசையாகச் சொல்லுங்கள். செயின்ட் ஸ்டீபன் ஆலயம் 1830 நவம்பர் 5இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மற்ற ஊர்களில் ஆலயம் எழும்பும்வரை ஊட்டிச் சாப்ளினின், அதாவது அரசு நியமித்த குருவானவரின், ஏட்டில்தான் மலையின் பல மூலைகளும் அடங்கின. பட்டாளத்துக்காரர் என்றால் வெலிங்டன் ஏடு. கத்தோலிக்கர் என்றால் முற்றிலும் வேறு வழி. எஸ்டேட்டிலும் சுரங்கத்திலும் இறந்தவரைக் காத்திருக்காமல் அங்கேயே புதைத்திருப்பார்கள். யாராவது ஒரு துரை ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசித்திருப்பார். சாப்ளினுக்குத் தகவல் போயிருந்தால் மாதங்கள் கழித்து ஏட்டில் ஏறும். எனவே தேதி வரிசையை மட்டும் பார்க்காமல் அடுத்த ஓராண்டின் பக்கங்களையும் பார்க்க வேண்டும்.

உங்கள் ஏட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை, கடிதத்தில் அது செல்லோ டேப் ஒட்டியிருப்பதாக எழுதியிருப்பதால். இனி ஒட்டாதீர்கள். பசை சில வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிரித்தால் எழுத்தோடு வரும். லேமினேஷன் அதைவிட மோசம். பழைய இரும்பு மை பழுப்பாக மங்கியிருந்தாலும் அதன் மேல் பேனாவால் எழுதக்கூடாது. உங்கள் ஊகம் மூலமாக ஆகிவிடும். ஈரம் பட்டால் வெயிலில் காயவைக்காமல், பக்கங்களுக்கு நடுவில் ஒற்றுத்தாள் வைத்து நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். இரும்பு பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை நம் சுவர்கள் வியர்க்கும், இராமபாணப் பூச்சிக்கு அதுதான் விருந்து.

யாருக்காவது படம் எடுத்து அனுப்புவதானால் ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். முதலில் அட்டை, அடுத்து பக்க எண்ணோடு முழுப் பக்கம், அப்புறம் வேண்டிய வரி. வரியை மட்டும் அனுப்பினால் சாட்சி யார், குருவானவர் யார், முன்பின் யார் என்று எதுவும் தெரியாது. பக்கத்தில் குறிப்பெடுப்பவர் கையில் பென்சில் மட்டும் இருக்கட்டும்.

கேத்தி வாசகி: எங்கள் முன்னோர் படகர். பாசல் மிஷன் காலத்தில் கிறிஸ்தவரானவர்கள். அவர்களை இந்த லண்டன் ஏடுகளில் தேடலாமா?

அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். 'என் 2' வரிசை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் கணக்கு. பாசல் மிஷன் கேத்தியில் காலூன்றியது 1846இல். அதன் ஆவணக் காப்பகம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கிறது. சபையின் சொந்த ஏடுகளை உள்ளூர் ஆயர் வழியாகத்தான் கேட்க வேண்டும். ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருக்கும். எனவே புதுப்பெயரை மட்டும் வைத்துத் தேடாமல், ஹட்டியின், அதாவது படகர் ஊரின், பெயரையும் தகப்பனின் பழைய பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள். கன்னட எழுத்தும் ஜெர்மன் குறிப்பும் படிக்கத் தெரிந்தவர் கூட இருந்தால் நல்லது. முதல் உலகப்போரில் ஜெர்மன் மிஷனரிகள் தடுத்து வைக்கப்பட்டதால் அந்த ஆண்டுகளில் கையெழுத்து மாறுவதும் இடைவெளி விழுவதும் இயல்பு. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்குப் பிந்தைய கல்யாணம் என்றால், சபை ஏடு தொலைந்திருந்தாலும் அரசுக்குப் போன பிரதி இருக்க வாய்ப்புண்டு. பதிவுத்துறையில் விண்ணப்பியுங்கள். ஆலயப் பெயரும் ஆண்டும் இல்லாமல் விண்ணப்பித்தால் திரும்பி வரும்.

கொடைக்கானல் வாசகர்: பங்குக் கோயில் ஏட்டில் லத்தீன் வரி. '7ப்ரிஸ்' என்று தேதி. ஜூலை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது, செப்டம்பர். லத்தீனில் 'செப்டம்' என்றால் ஏழு. அந்தப் பெயரைச் சுருக்கி 7 என்று எழுதுவார்கள். அதேபோல் 8 அக்டோபர், 9 நவம்பர், 10 அல்லது ரோமன் பத்து என்றால் டிசம்பர். 'செபுல்துஸ்' என்றால் அடக்கம் செய்யப்பட்டான், 'விதுவா' விதவை, 'ஃபிலியா' மகள். ஆண் பெயர்களின் முடிவு லத்தீன் இலக்கணப்படி மாறும். 'யொஹான்னெஸ்', 'யொஹான்னிஸ்' இரண்டும் ஒரே அருளப்பன்தான், இரண்டாவது 'அருளப்பனுடைய'. சிட்னிப் பக்கத்துக் கத்தோலிக்க ஏடுகளில் லத்தீன் வந்தாலும் இதே கணக்கு.

ஊட்டி வாசகி: கல்லறைக் கல்லில் பாசி ஏறி எழுத்தே தெரியவில்லை. ஆசிட் ஊற்றலாம் என்கிறார் வேலைக்காரர்.

அவரைத் தடுத்து நிறுத்துங்கள். ஆசிட் பளிங்கைத் தின்றுவிடும், கம்பி பிரஷ் எழுத்தின் விளிம்பைத் தேய்த்துவிடும். சுண்ணாம்பு, சாக்பீஸ் பூசிப் படிப்பதும் வேண்டாம். தண்ணீரும் மிருதுவான தும்புப் பிரஷும் போதும். கல் ஆடினால் அதுவும் வேண்டாம். காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போங்கள். அல்லது ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் கல்லின் மேல் திருப்ப, இன்னொருவர் படம் எடுக்கட்டும். நேரே பார்த்தால் வெறும் கல்லாக இருப்பது நிழல் விழுந்ததும் எழுத்தாகும். ஈயம் பதித்த எழுத்து உதிர்ந்திருந்தால், அதைப் பொருத்திய துளைகள் மட்டும் நிற்கும். புள்ளி வைத்துக் கோலம் போடுவதுபோல் துளைகளைக் காகிதத்தில் குறித்து இணைத்துப் பாருங்கள், பெயர் வரும். கல்லில் உள்ள தேதியும் ஏட்டின் தேதியும் ஓரிரு நாளுக்கு மேல் மோதினால் ஏட்டின் பக்கம் நில்லுங்கள். ஏடு அடக்கத்தை ஒட்டி எழுதியது, கல் பல மாதம் கழித்து நாட்டியது.